என் கணினியில் சரியாகத்தான் இருந்தது

என் மனைவி வீட்டைப் பூட்டினால் மூன்று முறை பூட்டை இழுத்துப் பார்ப்பாள். ஒரு மாடி இறங்கியதும் நின்று, "ஒரு நிமிஷம்" என்று சொல்லிவிட்டு மறுபடி மேலே ஏறுவாள். எங்களுக்குக் கல்யாணமான புதிதில் இந்தப் பழக்கம் அவளிடம் கிடையாது. வண்டிச் சாவியை எங்கே வைத்தோம் என்று நான் வீடு முழுக்கத் தேடும்போது, சிரித்துக்கொண்டே எடுத்துத் தருகிறவளாகத்தான் இருந்தாள். இந்தப் பழக்கம் அவளுக்கு வந்ததற்குக் காரணம் நான். அது எனக்குத் தெரிய ஒன்றரை வருஷம் ஆனது.

நாங்கள் இருப்பது கோவில்பதாகையில், மூன்றாவது மாடியில். எனக்கு அம்பத்தூரில் ஒரு ஐ.டி. கம்பெனியில் வேலை. சம்பளம் அங்கே வருகிறது. ஆனால் 'என் வேலை' என்று நான் மனதுக்குள் சொல்லிக்கொள்வது வேறொன்றை. வெப்சைட் கட்டுகிறவர்கள் எல்லாவற்றையும் முதலிலிருந்து எழுதிக்கொண்டிருக்க முடியாது. அதற்காக அடிப்படை நிரல்களையெல்லாம் தொகுத்து, யார் வேண்டுமானாலும் இலவசமாக எடுத்துக்கொள்ளட்டும் என்று பொதுவில் வைத்திருப்பார்கள். ஃபிரேம்வொர்க் என்பார்கள். அப்படி ஒன்றைப் பராமரிக்கிற குழுவில் நானும் ஒருவன். வெவ்வேறு நாடுகளில் இருக்கிற பத்துப் பன்னிரண்டு பேர். ஒருவரையும் நேரில் பார்த்ததில்லை. பெயர், முகவரி, பிறந்த தேதி என்று நிரப்பச் சொல்லும் படிவங்கள் இருக்கின்றனவே, அந்தப் பகுதி என் பொறுப்பு.

புதிதாக எதையாவது கட்டுகிறோம் என்று வெளியே இருப்பவர்கள் நினைப்பார்கள். பெரும்பாலும் ரிப்பேர்தான். எங்கேயோ இருக்கும் ஒருவர், இது இங்கே வேலை செய்யவில்லை என்று எழுதுவார். எந்தப் பதிப்பு, என்ன செய்தீர்கள், என்ன வந்தது என்று நாங்கள் கேட்போம். அவர் சொன்னதை அப்படியே எங்கள் கணினியில் செய்து பார்ப்போம். அதே பிழை வந்தால் திருத்துவோம், வராவிட்டால் புகாரை மூடிவிடுவோம். மூடுவதில் ஒரு சுகம் உண்டு. காலையில் நாற்பது இருந்த பட்டியல் முப்பத்தெட்டு ஆகும். குழுவில் வேகமாக மூடுகிறவன் என்று எனக்கொரு பெயர் இருந்தது. அதில் எனக்குப் பெருமையும் இருந்தது, மறைப்பானேன்.

தினமும் காலை ஐந்தரையிலிருந்து ஏழரை வரை இதற்கான நேரம். ஆளுக்கொரு நாட்டில் இருப்பதால், குழுவில் எல்லாக் கணக்கும் கிரீன்விச் நேரத்தில்தான். ஒவ்வொரு முறையும் ஐந்தரை மணி நேரத்தைக் கூட்டிக் கழிக்கச் சோம்பல்பட்டு, என் லேப்டாப்பின் கடிகாரத்தையே கிரீன்விச்சுக்கு மாற்றி வைத்திருந்தேன். நம் ஊரில் காலை ஐந்தரை என்றால் அங்கே சரியாக நள்ளிரவு பன்னிரண்டு. நான் உட்காரும்போது திரையின் மூலையில் நான்கு பூஜ்யங்கள் இருக்கும். உலகத்துக்கே அன்றைய நாளைத் திறந்து வைப்பதுபோல ஒரு மிதப்பு எனக்கு. "அப்பா லேப்டாப்புல இன்னும் விடியவே இல்ல" என்று மகள் கேலி செய்வாள்.

மனைவி ஆவடி குவார்ட்டர்ஸில் வளர்ந்தவள். அவளுடைய அப்பாவுக்கு ராணுவத் தளவாடத் தொழிற்சாலையில், செய்து முடித்த பாகங்களைச் சோதித்து அனுப்பும் பிரிவில் வேலை. இவள் லேப் டெக்னீஷியன் படித்துவிட்டுப் பூந்தமல்லியில் ஒரு சின்ன ரத்தப் பரிசோதனை நிலையத்தில் இருந்தாள். மகள் பிறந்ததும் நின்றுவிட்டாள். அவள் மறுபடி வேலைக்குப் போக நினைத்த நேரத்தில், நகரத்துப் பெரிய மருத்துவமனை ஒன்றில் நிரந்தர வேலைக்கு அறிவிப்பு வந்தது. வயது வரம்பு இருந்தது. அந்த வருஷத்தை விட்டால் அவளால் மறுபடி விண்ணப்பிக்க முடியாது. சாப்பாட்டு மேசையின் ஒரு முனையில் நானும், மறுமுனையில் பழைய புத்தகங்களோடு அவளுமாக எத்தனையோ காலைகள் போயின. மகள் எழுந்திருக்கும் வரை இரண்டு பேரும் ஒரு வார்த்தை பேச மாட்டோம்.

விண்ணப்பத்தை ஆன்லைனில்தான் போட வேண்டும். கடைசித் தேதிக்கு நான்கு நாள் இருக்கும்போது ஒரு சனிக்கிழமை காலை அவள் கேட்டாள்.

"உங்க லேப்டாப்ப ஒரு பத்து நிமிஷம் குடுங்களேன். பெரிய ஸ்கிரீன்ல பாத்துப் போட்டுடறேன்."

நான் ஏதோ ஒரு பிழையின் நடுவில் இருந்தேன். "போன்லயே போடலாமே. எல்லாரும் அதுலதான போடறாங்க" என்றேன், திரையிலிருந்து கண்ணை எடுக்காமல்.

போனில் போட்டாள். சான்றிதழைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஒவ்வொரு கட்டமாக நிரப்பினாள். புகைப்படம் ஐம்பது கேபிக்குள் இருக்க வேண்டும் என்ற இடத்தில் நின்றுவிட்டது. அதுவரை நிரப்பியதைச் சேமித்து வைத்துவிட்டு, நாங்கள் இருவரும் ஆவடி மார்க்கெட் பக்கம் ஒரு ஸ்டூடியோவுக்குப் போனோம். கடைக்காரர் போனை வாங்கிப் பார்த்தார்.

"ஐம்பது கேபிக்குள்ள தானம்மா கேக்கறான்? இன்னா பிரச்சனை இதுல? குந்து, சுருக்கிக் குட்த்துர்றேன். நாள் பூரா இதான வேல நமக்கு."

வீட்டுக்கு வந்து, சேமித்து வைத்திருந்த படிவத்தைத் திறந்து, படத்தைச் சேர்த்து, எல்லாம் சரி என்ற இடத்தில் டிக் செய்து அனுப்பினாள். நான் பக்கத்தில்தான் இருந்தேன். நானும் கவனிக்கவில்லை.

தேர்வு எழுதினாள். தேறினாள். சான்றிதழ் சரிபார்க்க வரச்சொல்லிக் கடிதம் வந்த அன்று மாமனார் குவார்ட்டர்ஸில் எல்லா வீட்டுக்கும் இனிப்பு கொடுத்தார். அவள் புதுப் புடவை கட்டிக்கொண்டு ஆவடியில் ரயிலேறிப் போனாள். மத்தியானமே திரும்பி வந்தாள். சான்றிதழில் பிறந்த தேதி பதினான்கு, விண்ணப்பத்தில் பதிமூன்று. மேசையில் இருந்தவர் இரண்டு தாளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து விரலால் காட்டினாராம். நீங்கள் நிரப்பியதுதானே, எல்லாம் சரி என்று நீங்களே டிக் செய்திருக்கிறீர்களே என்றாராம். தவறான தகவல் தந்தால் விண்ணப்பம் ரத்து என்பது விதி. அடுத்த ஆளைக் கூப்பிட்டுவிட்டார்கள்.

புடவையைக்கூட மாற்றாமல் நாற்காலியில் உட்கார்ந்து என்னைப் பார்த்தாள்.

"நான் பதினாலுதாங்க போட்டேன். சர்ட்டிபிகேட்ட பாத்துப் பாத்துதான் போட்டேன்."

நான் ஆறுதல் சொல்லியிருக்கலாம். ஒன்றும் சொல்லாமலாவது இருந்திருக்கலாம். ஆனால் கணினி என்று வந்துவிட்டால் எனக்கு வாய் சும்மா இருக்காது.

"கம்ப்யூட்டர் தானா தேதிய மாத்தாதும்மா. சின்ன ஸ்கிரீன், விரல் பட்டிருக்கும். அவசரத்துல நீ பாத்திருக்க மாட்ட."

மென்மையாகத்தான் சொன்னேன். அது இன்னும் மோசம். கத்தியிருந்தால் எதிர்த்துச் சண்டை போட்டிருப்பாள். இதையே தொழிலாகச் செய்கிறவன் நிதானமாகச் சொல்கிறான், அப்படித்தான் இருக்கும் என்று நம்பிவிட்டாள். மாமனார் அந்த வாரம் வந்தபோது, "ஒரு தேதிய சரியா பாக்கத் தெரியலயேம்மா" என்று ஒரே ஒரு முறை சொன்னார். அவள் தலையைக் குனிந்துகொண்டு, "ஆமாப்பா, நான் பாக்கல" என்றாள்.

பூட்டை இழுத்துப் பார்ப்பது அதற்குப் பிறகு ஆரம்பித்தது. அடுப்பைக் கையால் தொட்டுத் தொட்டுப் பார்ப்பாள். மகளின் பள்ளிப் பையை மூன்று முறை கவிழ்த்து அடுக்குவாள். சில மாதம் கழித்துப் பூந்தமல்லியில் அந்தப் பழைய இடத்துக்கே வேலைக்குப் போனாள். ரத்தக் குழாயில் ஒட்டிய பெயரை ஒருமுறை பார்த்தால் போதும் என்று அவளுக்குத் தோன்றவில்லை. பத்துப் பேருக்கு எடுக்கிற நேரத்தில் நான்கு பேருக்கு எடுத்தாள். வெளியே கூட்டம் சேர்ந்தது. நிலையத்தில் யாரும் அவளைப் போகச் சொல்லவில்லை, அவளேதான் நின்றுவிட்டாள். "பேர மாத்தி ஒட்டிட்டா என்னங்க பண்றது? என் கண்ண எனக்கே நம்ப முடியல" என்றாள். படிக்கட்டில் அவள் திரும்பி ஏறும்போதெல்லாம், "பூட்டு எங்கயும் ஓடிப்போகாது, வா" என்று நான் கிண்டல் செய்துகொண்டிருந்தேன்.

ஒன்றரை வருஷத்தில் என் லேப்டாப்பின் பேட்டரி உப்பிக்கொண்டது. புதிது வாங்கினேன். பெட்டியிலிருந்து எடுத்து, வேண்டியதை எல்லாம் ஏற்றி, மறுநாள் காலை ஐந்தரைக்கு வழக்கம்போல உட்கார்ந்தேன். வேலையைத் தொடங்கும்முன் எங்கள் நிரல் முழுவதையும் அதுவாகவே சோதித்துப் பார்க்கும் சோதனைகள் உண்டு. பல நூறு சோதனைகள், எப்போதும் எல்லாம் பச்சையாகத்தான் வரும். அன்று ஒன்று சிவப்பாக வந்தது. பாதியில் சேமித்த படிவத்தைத் திறந்தால் அதே தேதி வர வேண்டும் என்பது சோதனை. ஒரு நாள் முந்தைய தேதி வந்திருந்தது.

புது மெஷினில் ஏதோ விட்டுப்போயிருக்கும் என்று நினைத்தேன். பிறகு மூலையில் கடிகாரத்தைப் பார்த்தேன். ஐந்து நாற்பது என்று நம்மூர் நேரம் காட்டியது. மாற்ற மறந்திருந்தேன். கிரீன்விச்சுக்கு மாற்றி ஓட்டினேன், பச்சை. நம் நேரத்துக்குத் திருப்பினேன், சிவப்பு. நான்கு முறை மாற்றி மாற்றிப் பார்த்தேன். நாள் என்பது நமக்கு நள்ளிரவில் பிறக்கிறது. அந்த நேரத்தில் கிரீன்விச்சில் முந்தைய நாள் மாலை ஆறரை. பாதியில் சேமிக்கும்போது எங்கள் நிரல் தேதியை நம்மூர் நள்ளிரவாக எடுத்து, அதைக் கிரீன்விச் நேரத்துக்கு மாற்றி, மணியை வெட்டி எறிந்துவிட்டு, நாளை மட்டும் வைத்துக்கொண்டது. கிரீன்விச்சுக்குக் கிழக்கே இருக்கிறவர்களுக்கு ஒரு நாள் போய்விடும். ஒரே மூச்சில் நிரப்பி அனுப்புகிறவர்களுக்கு எதுவும் ஆகாது. சோதனைகளை ஓட்டும் எங்கள் பொதுக் கணினிகளும் கிரீன்விச் நேரத்தில்தான் இருந்தன. ஆவடிப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு நானும் அதே நேரத்தில் இருந்தேன். குழுவில் இந்தப் பிழையைத் தினமும் கண்ணெதிரே பார்த்திருக்க வேண்டியவன் நான்தான்.

பழைய புகார்களில் தேடினேன். இருந்தது. அவள் விண்ணப்பம் போடுவதற்கு ஒரு வருஷம் முன்பே வந்திருந்தது. நமக்கும் கிழக்கே ஒரு நாட்டில் ஏதோ ஒரு பள்ளியின் ஆசிரியர், தடுமாறும் ஆங்கிலத்தில், பிள்ளைகளின் பிறந்த நாள் ஒரு நாள் முன்னால் போகிறது என்று எழுதியிருந்தார். கீழே என் பதில் இருந்தது. என் கணினியில் சரியாகத்தான் இருக்கிறது, மூடுகிறேன். அதற்கும் கீழே அவர் இன்னொன்று எழுதியிருந்தார். பரவாயில்லை ஐயா, ஒவ்வொரு பிள்ளைக்கும் நாங்கள் கையால் திருத்திக்கொள்கிறோம் என்று. மூடிய புகார் என்பதால் நான் அதைப் படித்ததே இல்லை.

பிள்ளைகளின் பிறந்த நாள் என்ற சொற்களைப் படித்துக்கொண்டிருக்கும்போதுதான் பதினான்கும் பதிமூன்றும் நினைவுக்கு வந்தன. அந்த மருத்துவமனையின் விண்ணப்பப் பக்கத்தைத் தேடித் திறந்து, அதன் உள்நிரலைப் பார்த்தேன். யார் கட்டிக் கொடுத்தார்களோ தெரியாது, எங்கள் ஃபிரேம்வொர்க்கில்தான் கட்டியிருந்தார்கள். தேதிக் கட்டத்துக்குப் பின்னால் மறைவாக நிற்கும் ஒரு சின்னக் கட்டத்துக்கு நான் வைத்த பெயர் அங்கே அப்படியே இருந்தது. மேசையின் எதிர் முனையில் அவள் மகளுக்குத் தலை வாரிக்கொண்டிருந்தாள். ரிப்பனைக் கட்டி, அவிழ்த்து, மறுபடி கட்டினாள்.

அன்றே சொல்லியிருக்க வேண்டும். நான் சொல்லவில்லை. நிரலைத் திருத்துவது சுலபமாக இருந்தது, அதை முதலில் செய்தேன். ஒரே ஒரு வரி. இனி ஐந்து ஊர்களின் நேரத்தில் சோதித்த பிறகே பச்சை வர வேண்டும் என்றும் சேர்த்தேன். மூடிய புகாரை மறுபடி திறந்து, அந்த ஆசிரியரிடம் மன்னிப்புக் கேட்டு எழுதினேன். தான் இப்போது அந்தப் பள்ளியில் இல்லை, அங்கே இருப்பவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன் என்று இரண்டு நாளில் பதில் வந்தது. கோபமே இல்லை. திருத்திய பதிப்போடு வெளியிடும் குறிப்பில், பிழையைக் கண்டுபிடித்தவர் பெயரைப் போடுவது எங்கள் வழக்கம். அவர் பெயரைப் போட்டேன். இந்தத் திருத்தம் இனிமேல் நிரப்பப்படும் படிவங்களுக்கு மட்டுமே, ஏற்கெனவே பதிவானவை தாமாகச் சரியாகாது என்றும் ஒரு வரி எழுதினேன். மருத்துவமனைக்கும் எழுதினேன். இடங்கள் நிரம்பிவிட்டன என்று பதில் வந்தது. இதெல்லாம் முடிய பதினொரு நாள் ஆயிற்று. பதினொரு நாளும் அவள் பூட்டை இழுப்பதை நான் பார்த்துக்கொண்டிருந்தேன். என்மேல் எனக்கு அருவருப்பாக இருந்தது.

பன்னிரண்டாம் நாள் ஞாயிற்றுக்கிழமை. மொட்டை மாடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள். பக்கெட்டைப் பிடித்துக்கொண்டு நின்று, முதலிலிருந்து கடைசி வரை சொன்னேன். ஈரத் துணியைக் கையில் வைத்தபடியே கேட்டாள்.

"அப்ப நான் பதினாலுதான் போட்டேன்."

"பதினாலுதான் போட்ட."

"ஸ்டூடியோவுக்குப் போயிட்டு வந்து திறந்தப்ப மாறியிருக்கு."

"ஆமா."

ஆய்வுக்கூடத்தில் வேலை பார்த்தவள் அல்லவா, நான் சொல்லாமல் விட்டதை அவளே எட்டிப் பிடித்துவிட்டாள்.

"அன்னிக்கு உங்க லேப்டாப்ப பத்து நிமிஷம் கேட்டேன். அதுல வேற டைம்தான வெச்சிருந்தீங்க. அதுல போட்டிருந்தா?"

பொய் சொல்ல ஒரு கணம் நினைத்தேன் என்பதையும் இங்கே எழுதிவிடுகிறேன்.

"சரியா போயிருக்கும்" என்றேன்.

அவள் அழுதாள். சத்தமில்லாமல், நின்ற இடத்திலேயே, துணியை முகத்தில் வைத்துக்கொண்டு. தொட்டால் தட்டிவிடுவாள் என்று பயந்து நான் பக்கெட்டையே பிடித்துக்கொண்டு நின்றேன். பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு, மீதித் துணியையும் காயப்போட்டாள். கீழே இறங்கும் முன், "அப்பாகிட்ட நீங்களே சொல்லுங்க. நான் சொன்னா சப்பைக்கட்டுன்னு நினைப்பாரு" என்றாள்.

அன்று மாலையே குவார்ட்டர்ஸுக்குப் போனோம். மாமனார் டிவியை நிறுத்திவிட்டுக் கேட்டார். கிரீன்விச், கிழக்கு என்றெல்லாம் நான் விளக்கியதை அவர் பொருட்படுத்தவில்லை. வாழ்நாள் முழுக்க ஒரு பாகம் தவறிப்போனால் முதலில் கேட்கும் கேள்வியைத்தான் கேட்டார்.

"யாரு பாத்து பாஸ் பண்ணது மாப்ள?"

"நான்தான் மாமா. ஒருத்தர் முன்னாடியே தப்புன்னு எழுதினாரு. நான்தான் இல்லன்னு மூடினேன்."

என்னை ஒரு வார்த்தையும் திட்டவில்லை. எழுந்து சமையலறை வாசலுக்குப் போய்த் தன் மகளிடம், "நானும் உன்ன சொல்லிட்டேனேம்மா" என்றார். "விடுப்பா" என்றாள் அவள். அவர் அங்கேயே நின்றுகொண்டிருந்தார். நான் ஹாலில் தனியாக உட்கார்ந்திருந்தேன்.

இப்போது என் லேப்டாப்பில் நம்மூர் நேரம்தான். காலையில் உட்கார்ந்தால் ஐந்து முப்பது என்று காட்டும். பட்டியல் முன்பைவிட நீளமாகிவிட்டது. மூடும் முன் இரண்டு முறை எழுதிக் கேட்கிறேன். வேகம் குறைந்துவிட்டது என்று குழுவில் ஒருவர் சொன்னார், ஆமாம் என்றேன்.

போன மாதம் காட்டுப்பாக்கத்தில் ஒரு பரிசோதனை நிலையத்தில் ஆள் கேட்டிருந்தார்கள். போய்ப் பார்க்கலாமா என்று அவளே கேட்டாள். சான்றிதழ் பையை நான் எடுத்துக்கொண்டேன். கதவைப் பூட்டினாள். மூன்று முறை இழுத்தாள். இரண்டாவது மாடிக்கு வந்ததும் நின்றாள்.

"பூட்டியாச்சுன்னு தெரியும். தப்பு என்னுதில்லன்னும் தெரியும்" என்றாள். "ஆனா கை கேக்க மாட்டேங்குதுங்க."

மேலே ஏறினாள். பழைய கிண்டல் எதுவும் என் வாயில் வரவில்லை. பையை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு படியிலேயே நின்றேன். மேலே பூட்டை இழுக்கும் சத்தம் மூன்று முறை கேட்டது.